தினம் ஒரு லிட்டர் கோலா: தலைவலி இல்லாமல் குறைப்பது எப்படி?

இளவேனில்:

நாளுக்கு ஒரு லிட்டர் கோலா குடிக்கும் பழக்கம். காலையில் வேலைக்கு நடுவே ஒரு கிளாஸ், மதியச் சாப்பாட்டோடு ஒன்று, மாலையில் ஒன்று, மிச்சம் படுக்கும் முன். டீ, காபி கிடையாது. ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலை வலிக்கிறது, எதிலும் கவனம் நிற்பதில்லை. மறுபடி பாட்டிலைத் திறந்தால்தான் தீர்கிறது. சர்க்கரை இல்லாததால் வரும் வலியா இது? எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை குறைக்க வேண்டும்? சர்க்கரை இல்லாத கோலா, பழச்சாறு, வெறும் சோடா, இவற்றில் எதற்கு மாறலாம்? வெறும் சோடாவும் எலும்பை அரிக்கும் என்கிறார்களே? "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லாமல் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கதிர்:

அந்தத் தலைவலிக்குக் காரணம் கஃபீன். கோலாவில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 10 மி.கி. கஃபீன் இருக்கும், உங்கள் ஒரு லிட்டரில் 100 மி.கி. தினமும் இந்த அளவுக்குப் பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் தொடங்கும். இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சற்றுச் சுருக்கி வைத்திருக்கும். அது நின்றதும் குழாய்கள் விரிவதுதான் வலியாகத் தெரிகிறது. ஒரு கிளாஸ் கோலா குடித்ததும் வலி தீர்வதும் அதனால்தான். மன உறுதி குறைவு என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

ஒரே பாட்டிலில் மூன்று பழக்கம் இருக்கிறது: கஃபீன், இனிப்பு, ஜில்லென்று நாக்கைக் கடிக்கும் காஸ். மூன்றையும் ஒரே நாளில் பிடுங்குவதால்தான் திட்டம் உடைகிறது. கஃபீனைப் படிப்படியாக இறக்குங்கள். இனிப்பை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் குறைக்கலாம். காஸை விடவே தேவையில்லை.

முதல் வாரம் நாளுக்கு 750 மி.லி., அடுத்த வாரம் 500, அதற்கடுத்து 330, பிறகு 150, அதன்பின் நிறுத்தம். ஒவ்வொரு படியிலும் 15 முதல் 25 மி.கி. கஃபீன்தான் குறைகிறது, பெரும்பாலோருக்கு அது தலைவலியாக மாறாது. ஏதாவது ஒரு படியில் வலித்தால் பழைய அளவுக்கு ஏறாதீர்கள். அதே அளவில் இன்னும் மூன்று நான்கு நாள் நின்றுவிட்டு இறங்குங்கள்.

எந்த கிளாஸை முதலில் விடுவது என்பதும் முக்கியம். படுக்கும் முன் குடிப்பதைத்தான் முதலில் விட வேண்டும். குடித்த கஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவுக் கோலா தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் காலை கோலா கேட்கும். அந்தச் சுழற்சி அறுந்தாலே மற்றவை சுலபம். அடுத்து மாலை, பிறகு மதியம். காலை கிளாஸ் கடைசி.

அளவு கிளாஸில் ஊற்றிப் பார்க்காமல் கண் மதிப்பில் போகாதீர்கள். வீட்டு கிளாஸ்கள் 200 முதல் 400 மி.லி. வரை இருக்கின்றன. இரண்டு லிட்டர் பாட்டிலை விட்டுவிட்டு 250 அல்லது 330 மி.லி. கேன் வாங்குங்கள். பெரிய பாட்டிலைத் திறந்துவிட்டால் காஸ் போவதற்குள் தீர்த்துவிடத் தோன்றும். குளிர்சாதனப் பெட்டியில் அன்றைய கேன் மட்டும் இருக்கட்டும், மற்றவை வெளியே. சூடான கோலாவை யாரும் அவசரமாகத் திறப்பதில்லை.

ஒரு பொறி உண்டு. கோலாவை விட்டு எலுமிச்சைச் சுவை காஸ் பானத்துக்குத் தாவுவார்கள். அவற்றில் பெரும்பாலும் கஃபீன் இருக்காது, சர்க்கரை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தலைவலி வரும், சர்க்கரை குறையாது. எனர்ஜி டிரிங்க் இன்னும் மோசம்: 250 மி.லி. கேனிலேயே 80 மி.கி. கஃபீனும் 27 கிராம் சர்க்கரையும் இருக்கும்.

செந்தாமரை:

கதிர் கஃபீனைச் சொல்லிவிட்டார், சர்க்கரைக் கணக்கு இது. வழக்கமான கோலாவில் 100 மி.லி.க்கு 10.6 கிராம் சர்க்கரை. ஒரு லிட்டருக்கு 106 கிராம், ஏறக்குறைய 420 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது. இந்தக் கோலா ஒன்றே வரம்பைப் போல இரண்டு மடங்கு. அதுவும் குடிக்கும் சர்க்கரை வயிற்றை நிரப்பாது, அதற்காக யாரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதில்லை. அதில் பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாள்வது பெரும்பாலும் கல்லீரல். அளவு மிஞ்சினால் கொழுப்பாக மாறும், யூரிக் அமிலமும் ஏறும்.

பழச்சாறு தீர்வல்ல. சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சுச் சாற்றிலேயே 100 மி.லி.க்கு 8 முதல் 10 கிராம் சர்க்கரை, திராட்சைச் சாற்றில் 15 கிராம் வரை. பழமாகவே சாப்பிடுங்கள்.

சர்க்கரை இல்லாத கோலாவை நான் பாலமாக மட்டுமே பரிந்துரைப்பேன். பெரும்பாலான வகைகளில் கஃபீன் ஏறக்குறைய அதே அளவு இருப்பதால் (லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்), முதல் நாளே முழுதாக இதற்கு மாறினால் 106 கிராம் சர்க்கரை போய்விடும், தலைவலியும் வராது. பிறகு கதிர் சொன்ன படிகளில் இறங்கலாம். அங்கேயே தங்கிவிட வேண்டாம். நாக்கு அதே இனிப்பை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு புற்றுநோய் தரக்கூடும் என்று எழுந்த பயத்துக்கும் அளவு உண்டு: ஏற்கத்தக்க வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்பது மாறவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 கேன் குடிக்க வேண்டும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேம் பக்கமே போகக் கூடாது.

லேபிளில் "ஒரு பரிமாறலுக்கு" என்ற எண்ணை விட்டுவிட்டு 100 மி.லி. எண்ணைப் பாருங்கள். 500 மி.லி. பாட்டிலை இரண்டு பரிமாறல் என்று போட்டு, பாதி சர்க்கரையை மட்டும் காட்டுவது உண்டு.

முத்துப்பல்:

பல் பக்கம் யாரும் போகவில்லை. எனாமல் கரையத் தொடங்கும் அமில அளவு சுமார் 5.5 பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), கோலா ஏறக்குறைய 2.5. சர்க்கரை இல்லாத வகையும் அமிலம்தான், அதனால் அதற்கு மாறினாலும் அரிப்பு நிற்காது. பல்லைப் பொறுத்தவரை மொத்த அளவைவிட எத்தனை முறை வாயில் படுகிறது என்பதே பெரிது. ஒரு கேனை மூன்று மணி நேரம் சப்பிக்கொண்டிருப்பதைவிடச் சாப்பாட்டோடு பத்து நிமிடத்தில் முடிப்பது மேல். குடித்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். இளகிய எனாமலை பிரஷ் தேய்த்து எடுத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் படுக்கும் முன் குடிப்பது பல்லுக்கும் கேடு.

கோலாவுக்குப் பதில் நாள் முழுக்க எலுமிச்சைத் தண்ணீர் சப்புவதும் இதே தவறுதான். வெறும் சோடா இந்த அளவு அமிலம் கிடையாது, பல்லுக்குப் பெரிய கவலை இல்லை.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கோலாவோடு வெறும் சோடா கலந்து இனிப்பைக் குறைக்கலாம் என்று பார்த்தால் சப்பென்று ஆகிவிடுகிறது, குடிக்கவே பிடிக்கவில்லை. எங்கே தப்பு?

நீரோடை:

பெரும்பாலும் வெப்பநிலைதான். நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு காஸ் தங்கும். அறை வெப்பத்தில் இருக்கும் சோடாவைக் குளிர்ந்த கோலாவில் ஊற்றினால் இரண்டிலும் காஸ் நுரையாகப் போய்விடும். இரண்டையும் நன்றாகக் குளிர வையுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முதலில் சோடா, பிறகு கோலாவை ஓரமாக வழிய விடுங்கள். கரண்டியால் கலக்க வேண்டாம். ஐஸ் போடுவதானால் தண்ணீரில் ஒருமுறை அலசிப் போடுங்கள்; சொரசொரப்பான உலர்ந்த ஐஸ் மேல்தான் குமிழ் அதிகம் எழும்.

விகிதம்: முதலில் மூன்று பங்கு கோலா, ஒரு பங்கு சோடா. சில நாளில் சரிபாதி. பிறகு ஒன்றுக்கு மூன்று. காஸின் கடி இனிப்பை அடக்கும் என்பதால் நல்ல குளிர்ச்சியில் சரிபாதிக் கலவை எதிர்பார்த்த அளவு நீர்த்ததாகத் தெரியாது. காஸ் போன கோலா திகட்டுவதற்கும் இதுவே காரணம்.

திறந்த பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுவது பலரின் வழக்கம். அது தவறு. நசுங்கிய பாட்டில் மறுபடி விரிய இடம் இருப்பதால் பானத்திலிருந்து காஸ் அதிகமாகவே வெளியே வரும். நசுக்காமல் இறுக மூடிக் குளிரில் வையுங்கள். வீட்டில் சோடா எந்திரம் இருந்தால் வெறும் தண்ணீரை மட்டும் காஸ் ஏற்றுங்கள். சர்க்கரை கலந்ததைப் போட்டால் பொங்கி வழிந்து குழாயை அடைக்கும். ஒரு லிட்டர் சோடாவில் கசக்கிய புதினா, மெல்லியதாய்ச் சீவிய இஞ்சி நாலைந்து துண்டு போட்டால் காரமான கடி கிடைக்கும்.

வாங்கும்போது டானிக் வாட்டரை வெறும் சோடா என்று எடுத்துவிடாதீர்கள். அதில் சர்க்கரை உண்டு. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் சோடாவின் சோடியம் அளவையும் பார்க்கட்டும். எலும்பைப் பற்றிக் கேட்டீர்கள்: கோலா அதிகம் குடிக்கும் பெண்களிடம் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதாக ஆய்வு உண்டு, ஆனால் அதே ஆய்வில் மற்ற காஸ் பானங்களுக்கு அந்தத் தொடர்பு தெரியவில்லை. காஸால் எலும்பு அரிக்காது. வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

மருதம்:

இன்சுலினோ, உடம்பில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. தினமும் உள்ளே போன 100 கிராம் சர்க்கரை திடீரென்று நின்றால், அதை வைத்துக் கணக்கிட்ட மருந்தளவு அதிகமாகி ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். குறைக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள். தாழ்சர்க்கரை வந்தால் (நடுக்கம், வியர்வை, படபடப்பு, அளந்தால் ஒரு டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழ்) உடனே தேவை 15 கிராம் சர்க்கரை. சாதாரண கோலா 150 மி.லி. அதைத் தரும், சர்க்கரை இல்லாத வகை எதையும் தராது. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் இன்னொரு 150 மி.லி. வீட்டில் எல்லாவற்றையும் சர்க்கரை இல்லாததாக மாற்றினாலும் சாதாரண கோலா சிறிய கேன் ஒன்றைத் தனியாக, மேலே பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.