ஈசிஜி அறையில் இருபது நிமிஷம்

கடற்கரைத்தெரு:

அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு மாசமா மனசுல கிடந்து அரிக்கிறதை இங்க இறக்கி வைக்கிறேன்.

எங்க ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரம். பொம்பளைங்க நடக்கன்னே வீடுகளுக்கு நடுவுல முடுக்கு விட்டிருக்கிற ஊர். உம்மாவுக்கு 64 வயசு. அன்னைக்கு ராத்திரி இஷா தொழுதுட்டு உக்காந்தவங்க தாடை வலிக்குதுன்னாங்க. "வாயுவா இருக்கும்"னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. சுக்குத் தண்ணி வச்சுக் கொடுத்தோம். பதினொண்ணரைக்கு வேர்த்துக் கொட்டவும் காக்கா, அதான் எங்க அண்ணன், காரை எடுத்துட்டாங்க.

கேஷுவாலிட்டியில டாக்டர் நாடியைப் பிடிச்சதும் உம்மா என் காதுல சொன்ன முதல் வார்த்தை: "உளூ போச்சே." தொழுகைக்கு முன்னாடி முகம், கை, கால் கழுவிக்கிற சுத்தம்தான் உளூ. நாங்க ஷாஃபிஈ மத்ஹப், அந்தச் சட்ட வழிப்படி நடக்கிறவங்க. அந்நிய ஆணோட கை தோல்ல பட்டா உளூ முறிஞ்சிடும். நெஞ்சுவலியிலயும் அந்தக் கணக்கு ஓடிக்கிட்டிருக்கு அவங்களுக்கு.

அடுத்து ஈசிஜி. எடுக்க வந்தது இருபத்தஞ்சு வயசுப் பையன். உம்மா துப்பட்டியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. காக்கா குறுக்க வந்து நின்னு, "லேடி யாராவது வரட்டும், பொறுங்க"ன்னாங்க. ராத்திரி டூட்டியில இருந்த ஒரே நர்ஸம்மா பிரசவ வார்டுல. டாக்டர் வேற ஆளுங்களைப் பாத்துட்டுத் திரும்பி வந்து திரும்பி வந்து கேக்குறார். அந்தப் பையன் வயரைக் கையில வச்சுக்கிட்டே நிக்கிறான். இருபது நிமிஷம்.

நான் மதரஸாவுல ஏழு வருஷம் ஓதினவ. நிர்ப்பந்தத்துல கூடும்ங்கிறது எனக்குத் தெரியும். ஆனா காக்கா முன்னாடி வாயைத் திறக்கலை. அதுதான் அரிக்குது.

நர்ஸம்மா வந்து எடுத்தாங்க. அட்டாக்னு தெரிஞ்சதும் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாங்க. மறுநாள் திருநெல்வேலியில ஆஞ்சியோ. அல்ஹம்துலில்லாஹ், உம்மா இருக்காங்க. இருதயம் அடிக்கிற பலம் கொஞ்சம் கம்மின்னு சொல்றாங்க. "வந்து 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி பாத்திருக்கணும்"னு மட்டும் டாக்டர் சொன்னார். வேற எதுவும் சொல்லலை. நாங்களும் கேக்கலை.

இந்த மாதிரி நடந்திருந்தா எழுதுங்க.

வயர்க்காரன்:

யக்கா, வணக்கம். நான் முஸ்லிம் இல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் ஈசிஜி டெக்னீசியனா இருக்கேன், ஒம்பது வருஷமா. வயரைப் புடிச்சிட்டு நிக்கதுன்னு எழுதியிருக்கீங்கள்லா, அது நான் எத்தனையோ தடவை நின்ன நிலைதான்.

ஒரு விஷயம் சொல்லுதேன். பத்து வயர்ல நாலு கை, காலுக்குத்தான். அதுக்குத் துணி விலக்கவே வேண்டாம். மிச்சம் ஆறும் நெஞ்சுல. மொத ரெண்டும் நடு நெஞ்செலும்புக்கு ரெண்டு பக்கமும். மத்ததுதான் இடது மார்புக்குக் கீழ வளைஞ்சு போவும், அங்கதான் சங்கடம். நான் மொதல்ல ஒரு பெட்ஷீட்டைப் போத்திருவேன். கூட வந்த மகளையோ மருமகளையோ உள்ள கூப்பிட்டு, ஷீட்டுக்குள்ள அவங்க கையாலயே லேசா தூக்கிப் பிடிக்கச் சொல்லுவேன். நான் எலும்பை எண்ணி ஒட்டிட்டு வெளிய வந்திருவேன். ரெண்டு மூணு நிமிஷ வேலை.

யாரும் இதை முன்னாடியே சொல்லி விளக்குறதில்ல. "ஜாக்கெட்டக் கழட்டுங்க"ன்னு எடுத்ததுமே சொன்னா யாருக்குத்தான் மனசு வரும்? எங்க சாதிக்காரப் பொம்பளைங்களும் இதே மாதிரிதான் சேலையைப் புடிச்சிக்கிடுவாங்க. உங்க மார்க்கத்துக்கு மட்டும் உள்ளதுன்னு நினைக்காதீங்க.

ராவுத்தர் வீட்டுப் பையன்:

எங்க வீட்டுல தலைகீழ். அத்தாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன். மூத்திர டியூப் மாத்த வந்தது ஒரு நர்ஸ் தங்கச்சி. அத்தா ஜமாஅத்துல பெரிய மனுஷன், கண்ணை மூடிக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு. வார்டு பாய் வரட்டும்னு நாந்தான் சொன்னேன், அரை மணி நேரத்துல வந்தான், அவ்வளவுதான். இதுல உயிர் போற அவசரம் இல்லை, அதனால காத்திருந்தது தப்பில்லைன்னு இப்பவும் நினைக்கிறேன்.

அப்புறம் அந்த உளூ விஷயம். நாங்க ஹனஃபி, தொட்டா முறியாது. உங்க உம்மாகிட்ட சொல்லிடாதீங்க, மத்ஹப் மாறச் சொல்றேன்னு நினைச்சுக்கப் போறாங்க :)

ஓதிக்கொடுப்பவள்:

வ அலைக்கும் ஸலாம், கடற்கரைத்தெரு. நீங்கள் ஏழு வருஷம் ஓதியும் வாய் திறக்கவில்லை என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு என் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. உளூவின் ஃபர்ளுகளை (கட்டாயக் கடமைகளை) வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகளிடம், "உன் தாய்க்கு நடு ராத்திரி மாரடைப்பு, ஆண் மருத்துவர்தான் இருக்கிறார், என்ன செய்வாய்?" என்று நாங்கள் கேட்பதே இல்லை.

நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரியில் மருத்துவம் பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே, ஆண் பெண்ணுக்கோ பெண் ஆணுக்கோ சிகிச்சை அளிக்கலாமா என்று ஒரு பாடத் தலைப்பு இருக்கிறது. அதன் கீழ் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நபி (ஸல்) அவர்களோடு போருக்குச் சென்று தண்ணீர் கொடுத்தோம், காயம்பட்டவர்களையும் கொல்லப்பட்டவர்களையும் மதீனாவுக்குக் கொண்டு வந்தோம் என்கிறார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் காயமுற்றவர்களைக் கவனித்ததாக ஸஹீஹ் முஸ்லிம் என்ற இன்னொரு தொகுப்பில் வருகிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொன்று. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் இரத்தம் குத்தி எடுக்க அனுமதி கேட்டபோது அபூ தைபா என்பவரைக் கொண்டு செய்ய நபி (ஸல்) ஏவினார்கள். அதை அறிவிப்பவர், "அவர் பால்குடிச் சகோதரராகவோ பருவமடையாத சிறுவராகவோ இருந்தார் என்று எண்ணுகிறேன்" என்று சேர்த்துச் சொல்கிறார். சிகிச்சையும் நடந்தது, யார் செய்வது என்ற யோசனையும் கூடவே இருந்தது.

ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்கள் வரிசையே போட்டிருக்கின்றன. முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், அடுத்து முஸ்லிம் அல்லாத பெண் மருத்துவர், பிறகு முஸ்லிம் ஆண், அதற்கும் பிறகு முஸ்லிம் அல்லாத ஆண். 1993ல் புருனேயில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதே வரிசையைத்தான் தீர்மானமாக எழுதியது. தேவைப்படும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும், தனித்திருக்கும் கல்வத் ஏற்படாமல் கணவரோ மஹ்ரமோ (மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவினரோ) நம்பிக்கையான ஒரு பெண்ணோ உடனிருக்க வேண்டும் என்பவை அதில் நிபந்தனைகள். வயர்க்காரத் தம்பி பெட்ஷீட்டைப் போர்த்தி மகளை உள்ளே கூப்பிடுகிறாரே, ஏறக்குறைய அந்த நிபந்தனைகளைத்தான் அவர் செய்து கொண்டிருக்கிறார். ஓதாமலே.

பெயர் வேண்டாம்:

எல்லாரும் அவசரம், நிர்ப்பந்தம்னு ஒரே பக்கமாப் போறீங்க. மறுபக்கம் நான் சொல்றேன்.

கல்யாணமாகி மூணு வருஷம் குழந்தை இல்லைன்னு ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். உள்வழியா எடுக்கிற ஸ்கேன். உள்ள போனா ஆண் டாக்டர். "லேடி டாக்டர் என்னைக்கு வருவாங்க?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, "டாக்டர்கிட்ட என்ன வெக்கம், எந்தக் காலத்துல இருக்கீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சத்தமாச் சொன்னா. ரெண்டு பேர் சிரிச்சாங்க. புர்கா போட்டிருந்ததால என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியலை.

அடுத்த ஊர்ல லேடி டாக்டர் இருந்தாங்க, அங்க போய் எடுத்துட்டேன். ஆனா அதுக்குப் பிறகு எட்டு மாசம் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகத் தோணலை. அந்த எட்டு மாசத்துக்கு என் மார்க்கத்தைக் குத்தம் சொல்லாதீங்க. அவசரமில்லாத இடத்துல பெண் மருத்துவரைக் கேக்கிறது என் உரிமை.

கடற்கரைத்தெரு:

பெயர் வேண்டாம், நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை. சரிதான். நான் என் வீட்டுக் கதையை மட்டும் மனசுல வச்சு எழுதிட்டேன்.

ஓதிக்கொடுப்பவள் ராத்தா எழுதினதை காக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "நீ அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல"ன்னாங்க. சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா சொல்லியிருக்கணும்.

இந்த வாரம் வியாழக்கிழமை உம்மாவுக்கு எக்கோ, அதான் இருதய ஸ்கேன், எடுக்கச் சொல்லியிருந்தாங்க. இது ஈசிஜி மாதிரி சட்டுனு முடியாது, இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சு ரொம்ப நேரம் பாப்பாங்க. நானே போன் பண்ணி, லேடி என்னைக்குன்னு கேட்டேன். செவ்வாய், வெள்ளின்னாங்க. நாலஞ்சு நாள் தள்ளினா பரவாயில்லையான்னு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, வண்டி ஓட்ட ஆள் கிடைக்காது. செவ்வாய்க்கு மாத்தியாச்சு.

உம்மாகிட்ட சொன்னேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பொம்பளைதானே? அப்ப மத்தியானம் ளுஹருக்கு எடுத்த உளூ சாயங்காலம் அஸருக்கும் நிக்கும்ல?"