ஏடிஆர் துணை விமானி நேர்காணல்: "கேப்டன் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்?"

மீன்கொத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பெண் நான், வயது 27. ஏடிஆர் 72-600 (இரட்டை எஞ்சின் புரொப்பெல்லர் விமானம்) ஓட்டும் ஒரு பிராந்திய விமான நிறுவனத்திலிருந்து துணை விமானி வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. எழுத்துத் தேர்வும் கணினியில் நடக்கும் மனத்திறன் தேர்வும் முடிந்துவிட்டன. இன்னும் 19 நாளில் நேர்காணல். அதில் தேறினால் சிமுலேட்டர்.

என் கணக்கு இது: மொத்தம் 212 மணி நேரம், அதில் தனிப்பொறுப்பில் 104. பெரும்பகுதி ஒற்றை எஞ்சின் செஸ்னா 172. இரட்டை எஞ்சின் டைமண்ட் டிஏ 42-இல் 16 மணி நேரம். உரிமம் கைக்கு வந்தது 2021 டிசம்பரில். அன்றிலிருந்து விமானி வேலை கிடைக்கவில்லை. சென்னையில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) மாணவர்களுக்கு வானிலையும் நேவிகேஷனும் பாடம் எடுக்கிறேன். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) புதுப்பித்து வருகிறேன். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். என் பயிற்சிக்காக விற்ற மனையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாததாலேயே அது எனக்கு மறப்பதில்லை.

இந்த இடைவெளியைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அதைவிட எனக்குப் பயமாக இருப்பது லாக்புக்கில் (பறப்புப் பதிவேடு) இருக்கும் ஒரு பதிவு. இரட்டை எஞ்சின் தேர்வில் முதல் முறை நான் தோற்றேன். பரிசோதகர் இடது எஞ்சினைக் குறைத்தார். நான் பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினின் லீவரில் கை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பத்து நாள் கழித்து மறுபடியும் பறந்து தேறினேன்.

இன்னொன்று. ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் நேர்காணல் வரை போய்த் திரும்பியவள் நான். "அன்ஸ்டேபிள் அப்ரோச் (வேகமோ உயரமோ வரம்பில் இல்லாமல் ஓடுபாதையை நெருங்குவது), கேப்டன் தரையிறங்குவதிலேயே குறியாக இருக்கிறார், நீ என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். "அவருக்கு அனுபவம் அதிகம், அவர் முடிவை மதிப்பேன், இறங்கியபின் பணிவாகக் கேட்பேன்" என்றேன். மூவரில் ஒருவர் தாளில் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் ஒப்புக்குக் கேட்ட கேள்விகள். என் பதில் தவறு என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. சரியான பதிலைப் புத்தகத்தில் படித்தும் விட்டேன். ஆனால் அதைச் சொல்லிப் பார்க்கும்போது என் குரலே எனக்கு அந்நியமாக இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

கோடியக்கரை எழுதியது:

வணக்கம் அம்மா. 11 ஆண்டுகளாக ஏடிஆர் ஓட்டுகிறேன், அதில் 6 ஆண்டுகள் கேப்டனாக. சில நேர்காணல்களில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் தோல்வி. அதை மறைக்க நினைக்காதீர்கள். அவர்கள் லாக்புக்கைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்வது இன்னும் நல்லது. ஏனென்றால், உங்கள் கை போன அந்த இடம் ஏடிஆர் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம்.

2015 பிப்ரவரி 4. தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235, ஏடிஆர் 72-600. மேலெழுந்த சற்று நேரத்தில் இரண்டாவது எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆகிறது, அதாவது அதன் தகடுகள் காற்றுக்கு நேராகத் திரும்பி உந்துவிசை இல்லாமல் நிற்கின்றன. ஒற்றை எஞ்சினில் பறந்திருக்க வேண்டிய விமானம் அது. கேப்டன் நன்றாக இருந்த முதல் எஞ்சினைக் குறைத்து, பிறகு அதையே அணைத்தும் விட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒருவருக்கு நேர்ந்த தவறு, 200 மணி நேரம் பறந்த உங்களுக்கும் நேர்ந்தது. உங்களுக்கு மணிக்கட்டைப் பிடிக்க ஆள் இருந்தார்.

ஆகவே நேர்காணலில் இப்படிச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்போது கையை எப்படி நகர்த்துகிறீர்கள். எந்தக் கால் ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையின் பெடல்) அழுத்துகிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்து, எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்லி, லீவரைத் தொட்டு, பக்கத்து இருக்கைக்காரர் "சரி" என்று உறுதிசெய்த பிறகே நகர்த்துவேன் என்று சொல்லுங்கள். 2023 ஜனவரி 15 அன்று பொக்காராவில் விழுந்த எட்டி ஏர்லைன்ஸ் ஏடிஆரையும் படித்துக்கொண்டு போங்கள். இறக்கை மடிப்புகளுக்கான ஃபிளாப் லீவரை நகர்த்த வேண்டிய கை, புரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை நகர்த்தியது. இரண்டு புரொப்பெல்லர்களும் ஃபெதர் ஆயின. 72 பேரும் போய்விட்டார்கள். இந்த விமானத்தில் கைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு நொடி அவகாசம் வேண்டும் என்பது உங்களுக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். உங்களோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு அது எழுத்தாக மட்டுமே தெரியும்.

இடைவெளியைப் பற்றி நீங்கள் வெட்கப்படுவது எனக்குப் புரியவில்லை. 25,000 அடிதான் நம் உச்ச உயரம். ஜெட் விமானங்கள் மேலே ஏறித் தாண்டிப்போகிற மேகத்துக்குள்தான் நாம் வழி தேடுகிறோம். ஐப்பசியில் சென்னைக்கு வரும்போது மழைக்குள் மறைந்திருக்கும் இடிமேகம் எது, மார்கழி விடியலில் பெங்களூருவின் மூடுபனி எப்போது விலகும் என்று மூன்று ஆண்டுகளாகப் பாடம் நடத்திய ஒரு துணை விமானி பக்கத்தில் இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி! "வேலை கிடைக்கவில்லை, அதனால் பாடம் எடுத்தேன்" என்று தொடங்காதீர்கள். "மூன்று ஆண்டுகளாக வானிலை கற்பிக்கிறேன்" என்று தொடங்குங்கள். உடனே ஒரு மெட்டாரை (விமான நிலைய வானிலைக் குறிப்பு) நீட்டுவார்கள். அது உங்கள் மைதானம்.

இனி அந்தக் கேள்வி. துணை விமானியாகச் சேர்ந்த இரண்டாவது மாதம். கடலோர ஓடுபாதை, இரவு. 500 அடியில் வேகம் வரம்பைவிடப் பதினைந்து நாட் அதிகம். கேப்டன் நல்ல மனிதர், என்னிடம் அன்பாக இருப்பவர். இதோ குறைந்துவிடும், இதோ குறைந்துவிடும் என்று நான் வேகமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிவிட்டோம், யாருக்கும் ஒன்றும் இல்லை. நான்காவது நாள் பறப்புத் தரவைப் பார்த்துவிட்டு இருவரையும் அழைத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "500 அடியில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?" "ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். அந்தப் பதிலை என் வாயாலேயே சொல்ல நேர்ந்தது இன்றும் எனக்கு வலிக்கிறது.

நீங்கள் சொன்ன பணிவு நம் வளர்ப்பில் வருவது. அதை விட வேண்டாம். ஆனால் வேகத்தை உரக்கச் சொல்வது கேப்டனை எதிர்த்துப் பேசுவது ஆகாது. அதற்காகத்தான் அங்கே இரண்டாவது இருக்கையே இருக்கிறது. முதலில் விலகலைச் சொல்லுங்கள்: "வேகம்". பதில் இல்லையென்றால் மறுபடியும். இரண்டு முறை சொல்லியும் பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை என்றால் அவர் செயலிழந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். வரம்பு தாண்டிய நிலையில் "கோ அரவுண்ட்" என்பது ஆலோசனை அன்று. இருவரில் யார் சொன்னாலும் விமானம் மேலே போக வேண்டும்.

2010 மே 22, மங்களூருவில் தரையிறங்கும்போது நடந்த விபத்து. அந்தத் துணை விமானி மூன்று முறை கோ அரவுண்ட் சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. கேப்டன் தொடர்ந்தார். 158 பேர் இறந்தார்கள். அந்த அறிக்கையை இந்த 19 நாளுக்குள் முழுதாகப் படியுங்கள். படித்து முடித்தபின் உங்கள் குரல் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

வெண்பனி எழுதியது:

தங்கைக்கு வாழ்த்துகள். நான் ஒன்றரை ஆண்டாக ஏடிஆரில் வலது இருக்கையில் இருக்கிறேன். கேப்டன் ஐயா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்லச் சிறு சிறு விஷயங்களே உண்டு.

ஏடிஆர் ஓட்டும் தகுதி (ரேட்டிங்) இல்லாதவர் என்று தெரிந்தும் விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஆர்வம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. என்னிடம் கேட்டது ஹோட்டல் மோட். இந்த விமானத்தில் ஏபியூ (தரையில் மின்சாரம் தரும் துணை எஞ்சின்) கிடையாது. நிறுத்தத்தில் நிற்கும்போது வலது எஞ்சினின் புரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓட்டி மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்கிறோம். ஏன் வலது எஞ்சின் என்றார்கள். பயணிகள் ஏறும் கதவு பின்புறம் இடப்பக்கம் இருப்பதை எப்போதோ விமான நிலையத்தில் பார்த்திருந்தேன். அதை வைத்துச் சொன்னேன், தலையசைத்தார்கள். நீங்கள் தூத்துக்குடிக்காரர், ஏடிஆர் வந்துபோகும் ஊர். ஒரு நாள் போய் நின்று பாருங்கள்.

கிரிட்டிக்கல் எஞ்சின் (நின்றுபோனால் விமானத்தைக் கட்டுப்படுத்துவது அதிகக் கடினமாகும் எஞ்சின்) எது, ஏன் என்பதைத் தாளில் படம் வரைந்து விளக்கப் பழகுங்கள். இரண்டு புரொப்பெல்லர்களும் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகின்றன, அதனால் இடதுதான். பனி உறைதலையும் விடாதீர்கள். 1994-இல் அமெரிக்காவின் ரோஸ்லானில் பனி உறைந்து ஓர் ஏடிஆர் விழுந்த பிறகு, ஏடிஆரில் பனியைப் பற்றிக் கேட்காத நேர்காணல் இருக்காது என்றே நினைக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நேர்காணலில் என்னிடம் "திருமணம் எப்போது?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. ஆண் பிள்ளைகள் யாரிடமும் அதைக் கேட்கவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "பணிப்பட்டியலில் கொடுக்கும் எந்த நேரத்துக்கும் நான் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். உங்களிடம் கேட்காமல் இருக்கட்டும். கேட்டால் தடுமாற வேண்டாம்.

ஓடுபாதை07 எழுதியது:

பணம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். தேர்வானதும் டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்துக்கான தகுதிப் பயிற்சி) செலவு யாருடையது, பாண்டு (வேலையை விடக்கூடாத ஒப்பந்தக் காலம்) எத்தனை ஆண்டு, இடையில் நிறுவனமே உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் அல்லது விமானங்களைக் குறைத்தால் அந்தப் பாண்டு என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்ட நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளாக அவதிப்படுகிறார். மனை விற்ற வீடு என்கிறீர்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மீன்கொத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேப்டன் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். 200 மணி நேரம் பறந்தவள், தரைக்கு 300 அடி இருக்கும்போது கேப்டன் கையிலிருந்து விமானத்தை வாங்குவது உண்மையில் நடக்கக்கூடியதா? இல்லை, நேர்காணலுக்காகச் சொல்கிற பதில்தானா?

கோடியக்கரை எழுதியது:

நேர்மையான கேள்வி. 300 அடிக்கு அதைத் தள்ளிப்போட்டால் மிகவும் கடினம். அதனால்தான் 1000 அடியிலேயே வாயைத் திறக்கச் சொல்கிறேன். அங்கே "வேகம்" என்று சொன்னவருக்கு 500 அடியில் "கோ அரவுண்ட்" சொல்வது எளிது. அதுவரை ஊமையாக இருந்தவருக்குக் கடைசியில் குரலே வராது, எனக்கு வரவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது கேப்டன்கள் முதல் சொல்லிலேயே திருத்திக்கொள்வார்கள், நன்றியும் சொல்வார்கள். லட்சத்தீவின் அகத்தி போல 1200 மீட்டரை ஒட்டிய ஓடுபாதை, முனையில் கடல். அங்கே என் வேகம் ஐந்து நாட் கூடினாலும் பக்கத்திலிருந்து குரல் வர வேண்டும் என்று புறப்படும் முன்பே சொல்லித்தான் அழைத்துப் போவேன்.

இதை அப்படியே நேர்காணலில் சொல்லலாம். "கடைசி நொடியில் பறிப்பேன்" என்று வீரம் பேசுகிறவரைவிட "1000 அடியில் தொடங்குவேன்" என்கிறவரை நான் நம்புவேன்.

மீன்கொத்தி எழுதியது:

நேர்காணல் நேற்று முடிந்தது. 40 நிமிடம். மூன்று பேர்.

லாக்புக்கைத் திறக்கும் முன்பே தோல்வியைச் சொன்னேன். தைபே விபத்தை நான் குறிப்பிட்டதும், நடுவில் இருந்த மூத்த கேப்டன் தன் மேசையில் இரண்டு பேனாக்களை வைத்து, "இவைதான் பவர் லீவர்கள், இடது எஞ்சின் போய்விட்டது, செய்துகாட்டுங்கள்" என்றார். இடது பேனாவைத் தொட்டு, "பவர் லீவர் ஒன்று, உறுதிசெய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. நான் நகர்த்தவில்லை. அறையில் யாரும் பேசவில்லை. கடைசியில் "உறுதி" என்றார், நகர்த்தினேன்.

அந்தக் கேள்வியும் வந்தது. 1000 அடியிலிருந்து தொடங்கிச் சொன்னேன். "கேப்டன் கோபித்துக்கொண்டால்?" என்றார் ஒருவர். "தரையில் கோபித்துக்கொள்ளட்டும் சார், கேட்டுக்கொள்கிறேன்" என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை, வந்துவிட்டது. மங்களூரு அறிக்கையை இரண்டு முறை படித்திருந்தேன்.

திருமணம் பற்றிக் கேட்கவில்லை. வானிலையில் பதினைந்து நிமிடம் போனது, பெங்களூரு மூடுபனியேதான்.

இன்று காலை மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை காலை 5.30-க்குச் சிமுலேட்டர். அப்பாவிடம் சொன்னேன். "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். ஐயா, ஏடிஆரை நான் தொட்டதே இல்லை. எதை முதலில் கவனிக்க வேண்டும்?

கோடியக்கரை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அம்மா. செஸ்னாவைவிட இதில் ரடர் வேலை அதிகம். பவர் கூட்டினால் மூக்கு இடப்புறம் இழுக்கும், குறைத்தால் வலப்புறம் போகும். ஒவ்வொரு முறை பவரை மாற்றும்போதும் டிரிம்மையும் (பெடல் அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) மாற்றுங்கள், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் கால் சோர்ந்துவிடும். எந்தப் பவருக்கு எந்த வேகம் என்று பயிற்றுநரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு இருக்கையையும் பெடலையும் சரிசெய்யுங்கள். யாராவது அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். ரடரை ஒரு பக்கம் முழுதாக அழுத்திப் பாருங்கள், பிறகு மறுபக்கம். முழங்கால் லேசாக மடங்கிய நிலையிலேயே கடைசி வரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் எட்டவில்லை என்று சொல்லி, மறுபடியும் நகர்த்திக்கொள்ளுங்கள்.