சன் கனூர் கிளி ஜோடிக்கு முட்டையிடும் பெட்டி வைக்கலாமா?

அல்சூர்_பிரபு:
வணக்கம். வீடு பெங்களூர் அல்சூரில், இரண்டாவது மாடி. போன வருஷம் ஒரு கடையில் இரண்டு சன் கனூர் வாங்கினேன். ஜோடி என்றுதான் கொடுத்தார்கள், இப்போது இரண்டு வயது தாண்டியிருக்கும். ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்கின்றன, கூண்டு மூலையில் பேப்பரைக் கிழித்துக் குவிக்கின்றன. பெட்டி வைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. என்ன அளவு? தீனியில் என்ன மாற்ற வேண்டும்? குஞ்சு வந்தால் வாங்கிக்கொள்ள ஆபீசில் இரண்டு பேர் ரெடி.

ஸ்ரீராம்புரம்_கிளியக்கா:
தம்பி, பெட்டி அப்புறம். முதலில் அது ஜோடிதானா? சன் கனூரில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். தட்டைத்தலை என்றால் ஆண் என்பதெல்லாம் கடைக்காரர் கதை. இரண்டு பெட்டையை ஒன்றாக விட்டாலும் ஊட்டிக்கொள்ளும், முட்டையும் இடும், பொரிக்கத்தான் பொரிக்காது. நெஞ்சிலிருந்து பிடுங்கிய நாலைந்து இறகை லேபுக்கு அனுப்புங்கள், டிஎன்ஏ பார்த்துச் சொல்வார்கள். ஆனால் கூடப்பிறந்தவையா என்பதை அந்த டெஸ்ட் சொல்லாது. ஒரே நாளில் ஒரே கூண்டிலிருந்து எடுத்தவை என்றால் எனக்குச் சந்தேகம்தான். கடையில் கேளுங்கள். அண்ணன் தங்கை என்று தெரிந்தால் பெட்டியே வேண்டாம்.

அடுத்தது பதிவு. இது சைட்டிஸ் (அரிய உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல் பறவை. 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஆபீஸ் நண்பர்களுக்கும் இதே கதைதான், அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பட்ஜி, காக்டெயில் கிளிகளுக்கு இந்த வேலை இல்லை.

இனி குஞ்சு. ஒரு ஈட்டுக்கு மூன்று நான்கு முட்டை, 23, 24 நாளில் பொரிக்கும். தாய் தகப்பன் ஊட்டினால் விட்டுவிடுங்கள், அதைவிட நல்லது எதுவுமில்லை. இங்கே பலர் குஞ்சு கையில் பழக வேண்டும் என்று கண் திறந்ததுமே பெட்டியிலிருந்து எடுத்து, பாதி வளர்ந்ததை ஃபார்முலா (குஞ்சுக்குக் கஞ்சியாகக் கரைத்து ஊட்டும் மாவு) டப்பாவோடு விற்கிறார்கள். வாங்கியவருக்குச் சூடு பார்க்கத் தெரியாது. கஞ்சி 40 டிகிரிக்கு அக்கம்பக்கம் இருக்க வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் மட்டும் கொதித்திருக்கும், விரலுக்குத் தெரியாது. நெஞ்சுக்கு மேலே இருக்கும் தீனிப்பை வெந்து, சில நாள் கழித்து நெஞ்சுத்தோல் கறுத்து, ஓட்டை விழுந்து, ஊட்டிய கஞ்சி அதன் வழியாகவே ஒழுகும். அப்படி ஒரு குஞ்சை டப்பாவில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. தானாகக் கொத்தித் தின்னும்வரை, அதாவது இரண்டு மாதத்துக்கும் மேல், குஞ்சு உங்கள் வீட்டில்தான். அதற்கு ஒப்புக்கொண்டால் பெட்டி பற்றிப் பேசலாம்.

ஜேசிநகர்_மணி:
அக்கா, ரொம்பப் பயமுறுத்துறீங்க. சிவாஜிநகரில் கூண்டு கூண்டாக விற்கிறார்கள், எவன் பதிவு கேட்கிறான்? இயற்கை தானே பார்த்துக்கொள்ளும். பெட்டியை மாட்டுங்க பிரபு.

ஸ்ரீராம்புரம்_கிளியக்கா:
மணி, இதன் இயற்கை கயானாவும் வட பிரேசிலும். அங்கேயே பிடித்து விற்றுத்தான் அழியும் நிலைக்கு வந்திருக்கிறது. பதிவு கேட்கிறவர் வரும்போது உங்களைத்தான் கூப்பிடுவோம், சரியா?

கூக்ஸ்டவுன்_ஜெனி:
ஒன்று மட்டும். இது இருபது வருஷத்துக்கு மேல் வாழும், தொண்டையும் பெரிசு. எங்கள் அபார்ட்மென்டில் ஒரே ஒரு கனூருக்கே அசோசியேஷன் மீட்டிங் வைத்தார்கள். நாலு குஞ்சு கத்தினால் கீழ் வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்சூர்_பிரபு:
கீழே ஹவுஸ் ஓனரே இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம் :) இறகு அனுப்பிவிட்டேன். கடைக்காரர் ஒரே தாய்க் குஞ்சா என்ற கேள்விக்கு மழுப்புகிறார். ஆபீஸ் ஆட்களில் ஒருவர் பதிவு என்றதும் பின்வாங்கிவிட்டார். ரிசல்ட் வரும்வரை பெட்டி இல்லை. தீனியை மட்டும் சொல்லுங்கள் அக்கா.

ஸ்ரீராம்புரம்_கிளியக்கா:
சூரியகாந்தி விதையைப் பாதியாகக் குறையுங்கள், கொழுப்புதான் ஏறும். பெல்லட் (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி), முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கேரட். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும், சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பெட்டை உப்பிக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்தால் அன்றே பறவை டாக்டர், மறுநாள் என்று தள்ளாதீர்கள். கிழித்த பேப்பரைத் தினமும் எடுத்துவிடுங்கள், பெட்டி இல்லாமலே முட்டையிடக்கூடும். கூண்டு சமையலறைக்குப் பக்கத்திலா? நான்ஸ்டிக் தவா அதிகம் காய்ந்தால் வரும் புகை நம்மை ஒன்றும் செய்யாமலே பறவையைக் கொன்றுவிடும். இடத்தை மாற்றுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.