கொண்டல் காற்றும் பழைய வண்டியும்: கடலூர், புதுச்சேரி துரு அனுபவங்கள்

கடலூர் முதுநகர், டிங்கர் பட்டறையிலிருந்து:

மாருதி 800, ஆம்னி மாதிரிப் பழைய வண்டி வந்தால் வெளிப் பெயின்ட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கிற பஞ்சை அழுத்திப் பாருங்கள். கார்த்திகை மாதம் என்றால் விரல் நனையும். அந்த ஈரத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக் காய விட்டால் வெள்ளைப் பொடி நிற்கும். அதுதான் உப்பு. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் நடந்த காலோடும் செருப்போடும் உள்ளே வந்தது. தகடு அடியிலிருந்து அரிப்பதாக எல்லோரும் நினைக்கிறோம். பாதி வண்டிகளில் அது மேலிருந்துதான், இந்தப் பஞ்சுக்குக் கீழேதான் அரிக்கிறது.

சமையலறை உப்பு ஜாடி அடைமழையில் கசிகிறதே, அதே கதைதான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர்த்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே தகடு நனைந்து கிடக்கும். மழை பெய்யாத மார்கழி ராத்திரியிலும் துரு நிற்காமல் வேலை செய்வது இதனால்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பேட்டரி தட்டுக்கு அடி, முன் ஷாக் அப்சார்பர் மேல் முனை போல்ட் ஆகிற இடம், ரன்னிங் போர்டு (கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடு), கதவின் அடி மடிப்பு, பின் சக்கர வளைவின் உள்விளிம்பு, ஸ்டெப்னி குழி. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். அரித்த தகடு சொத்தென்று அடங்கும். அந்த இடத்தில் முனையால் குத்தினால் உள்ளே போய்விடும்.

கதவு அடியிலும் ரன்னிங் போர்டு அடியிலும் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் உண்டு. மண்ணும் இலைச் சருகும் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியை லேசாக வளைத்துக் குத்தி எடுத்தால் போதும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தரம், தை மாதம் ஒரு தரம். காசே ஆகாத வேலை. இதைச் செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் ஐந்து வருஷத்தில் கதவு அடியைப் பார்த்தாலே தெரியும்.

---

டொரன்டோவில் மெக்கானிக், சொந்த ஊர் நெல்லிக்குப்பம்:

அண்ணே, இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் கட்டாமல் இருக்க உப்பையும் உப்புக் கரைசலையும் கொட்டுவார்கள். அது டயரில் பட்டு வண்டி அடியில் தெறிக்கும். கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் போகும். உப்புப் பனி ஒட்டிய வண்டியைச் சூடான கராஜில் கொண்டுவந்து நிறுத்தினால் பனி உருகித் துரு வேகம் பிடிக்கும். அங்கே நம்ம ஊரில் வருஷம் முழுக்க அந்தக் கராஜ் சூடுதான். உப்பும் ரோட்டிலிருந்து வருவதில்லை, அலை நுரையிலிருந்து காற்றோடு வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் ரொம்ப அதிகம், உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். வண்டியை எந்தத் தெருவில் நிறுத்துகிறோம் என்பதே பெரிய வித்தியாசம்.

இங்கே இலையுதிர் காலத்தில் லேனோலின் அல்லது மெழுகு கலந்த ஆயிலை அடியிலும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் அடிப்பார்கள். லேனோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. காயாமல் பிசுபிசுவென்றே இருக்கும், சந்துக்குள் ஊர்ந்து போகும், கீறல் விழுந்தாலும் மூடிக்கொள்ளும். கெட்டியாகக் காய்கிற தார் கோட்டிங் அப்படி இல்லை. வெயிலில் இறுகி வெடிக்கும், வெடிப்பில் உப்புத் தண்ணீர் புகும், வெளியே தெரியாமல் உள்ளே தகடு போய்விடும். பழைய வண்டிக்குத் தார் கோட்டிங்கே வேண்டாம் என்பேன்.

---

புதுச்சேரி முத்தியால்பேட்டை, பெயின்ட்டர்:

கோட்டிங்குக்கு முன்னால் தண்ணீரைப் பேசுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் பல இடத்தில் உவர். அதில் அடியைக் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுகிறோம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 500 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் கழுவலாம். ஆயிரத்துக்கு மேல் போகிற தண்ணீர் வண்டிக்கு ஆகாது. மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் எல்லாவற்றிலும் உசத்தி. வாட்டர் சர்வீஸ் கொடுக்கும் இடத்திலும் என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டே வண்டியை மேலே ஏற்றுங்கள்.

துரு எடுக்கிற முறை: வயர் பிரஷ் கப்பை கிரைண்டரில் மாட்டி உதிர்கிற துருவை முழுக்க எடுக்கவும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிறகு 80 நம்பர் எமரி (உப்புத்தாள்). அடுத்து நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஏர் அடித்து, வெயிலில் காய விடவும். ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் குழிகளில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளி பூத்திருந்தால் உப்பு இன்னும் குழிக்குள் இருக்கிறது. மறுபடி தேய்த்து, மறுபடி கழுவ வேண்டும். மூன்று தரம் ஆனாலும் பரவாயில்லை. இந்தப் புள்ளியின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பிரைமர் அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் கிளம்பும்.

போகாத மெல்லிய கறைக்குப் பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றுகிற திரவம்) தடவலாம். செதில் செதிலாக நிற்கிற துரு மேல் தடவுவது வீண். ஆசிட் மிச்சம் பிசுக்காக நின்றால் எபாக்ஸி பிரைமர் பிடிக்காது, டப்பாவில் சொன்னபடி துடைத்தோ கழுவியோ காய வைத்த பிறகே அடுத்த கோட். பிரைமர் இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி, இரண்டு கோட். ரெட் ஆக்ஸைடு ஒரு கோட் அடித்து விட்டுவிடுவது கடற்கரைக்குப் போதாது, அது ஈரத்தை உள்ளே விடும். பட்டியை (பள்ளம் நிரப்புகிற பசையை) வெறும் தகட்டில் இழுக்காதீர்கள். பட்டி ஈரம் குடிக்கும். எபாக்ஸி மேல்தான் பட்டி.

நேரம் முக்கியம். தகட்டின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். மார்கழியில் காலை பத்து மணி வரை தகடு வியர்த்திருக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை அடியுங்கள். இந்த வேலைக்கு நல்ல மாதம் மாசியும் பங்குனியும்.

---

முதுநகர் டிங்கர் மறுபடியும்:

பெயின்ட்டர் தம்பி சொன்னதோடு ஒன்று. ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவுக்குள்ளும் பிரஷ் போகாது. அங்கே கேவிட்டி வாக்ஸ்தான், அதாவது பெட்டிப் பகுதிகளுக்குள் பீய்ச்சுகிற மெழுகு. நான்கு பக்கமும் பீய்ச்சுகிற நாசில் உள்ள குழாயை வடிகால் ஓட்டை வழியாகக் கடைசி வரை விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். 800 மாதிரிச் சின்ன வண்டிக்கு இரண்டு லிட்டர் போதும். முடிந்ததும் ஓட்டை அடைபட்டதா என்று அதே ஸ்போக்ஸ் கம்பியால் பாருங்கள். பிரேக் டிஸ்க், டிரம், சைலன்சர், பெல்ட், ரப்பர் புஷ் இவற்றில் படக் கூடாது, பேப்பர் சுற்றி டேப் ஒட்டிவிட்டு அடிக்கவும்.

வேஸ்ட் ஆயில் அடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் அமிலம் இருக்கிறது, ரப்பரை உப்ப வைக்கும், முதல் மழையில் தெருவுக்கும் வாய்க்காலுக்கும் போய்விடும். வேண்டாம்.

சீட் பெல்ட் போல்ட் ஆகிற இடமும் சஸ்பென்ஷன் தாங்குகிற இடமும் அரித்திருந்தால் ஃபைபர் ஒட்டிப் பட்டி போட்டு மறைக்கக் கூடாது. நல்ல தகடு வருகிற வரை வெட்டி எடுத்து வெல்டிங். உள்ளே பஞ்சை உரித்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, பெட்ரோல் பைப் எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

---

தேங்காய்த்திட்டு துறைமுகம், மீன் லோடு வண்டி பராமரிப்பு:

டாட்டா ஏஸ் மாதிரி வண்டிக்கு உப்பு மேலிருந்து வருகிறது. ஐஸ் உருகின மீன் தண்ணீர் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இறங்கி, பாடி போல்ட்டையும் பின் ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கிற யு-போல்ட்டையும் தின்னும். பெட்டிகளுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து ஓரங்களைத் தூக்கிக் கட்டுங்கள். தண்ணீர் பின் பக்கம் ஒரே குழாய் வழியாக, சேஸிஸைத் தொடாமல் வெளியே விழ வேண்டும். லோடு இறக்கியதும், காய்வதற்கு முன்னால் கழுவிவிடுங்கள்.

ராத்திரி பிளாஸ்டிக் தார்ப்பாயால் வண்டியை மூடிக் கட்டாதீர்கள். காலையில் உள்பக்கம் தொட்டால் சொட்டும். கீற்றுக் கொட்டகையில் காற்றோட்டமாக நிற்பது எவ்வளவோ மேல்.

---

வில்லியனூரிலிருந்து ஒரு கேள்வி: பிரேக் பைப் மேலே துருப் பொட்டு தெரிகிறது. எமரி போட்டு பெயின்ட் அடித்தால் போதுமா?

முதுநகர் டிங்கர்:

போதாது தம்பி. பைப்பைப் பிடித்திருக்கிற கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள், மண்ணும் உப்பும் தங்குவது அதற்கு அடியில்தான். நகத்தால் சுரண்டினால் குழி தட்டுப்பட்டால் பைப்பை மாற்ற வேண்டும். எமரி போட்டால் மெலிந்த இடம் இன்னும் மெலியும். புது பைப் குப்ரோ நிக்கலில் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) கிடைத்தால் அதையே போடுங்கள், உப்புக்குத் தாங்கும். வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று போடுகிறார்கள், அது அதிர்வில் விரிசல் விடும், பிரேக்குக்கு ஆகாது. மாற்றுகிற வரை ரோட்டில் எடுக்க வேண்டாம். மாற்றி, பிரேக் ஆயிலில் புகுந்த ஏரை எடுத்ததும், இன்ஜினை ஓட விட்டு, பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிஷம் மிதித்துப் பிடியுங்கள். கால் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் எது என்று தெரியும்.