மறு: குந்தகுந்தர் சிலை நிதி – கூரை ஓடு மாற்றத் தருகிறேன், சிலைக்குத் தரமாட்டேன்

எல்லோருக்கும் ஜெய் ஜினேந்திரா.

கிணற்று வீட்டு அண்ணன் அனுப்பிய மடலைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நம் சமண ஆச்சாரியர் குந்தகுந்தருக்கு ஒன்பதடிக் கருங்கல் சிலை, தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் வீடு ஒவ்வொன்றுக்கும் 5,000 ரேண்ட், பீடத்தில் கொடுத்தவர் பெயர். பக்கத்து ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டுமாம்.

தீபாவளியன்று மகாவீரர் முக்தியடைந்ததற்குச் செய்யும் நிர்வாண பூசைக்கு என் அக்கா மகள் ஊருக்குப் போயிருந்தாள். ஆச்சாரியரின் பாதச்சுவடு இருக்கும் பாத மண்டபத்தில் கூரை ஓடு உடைந்து, மழைத்தண்ணீர் நேராகப் பாதக் கல்லிலேயே சொட்டுகிறது. பூசை செய்யும் வாத்தியார் கீழே குடம் வைத்திருக்கிறார். அவருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி. இதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொல்லி அழுதிருக்கிறார்.

பொன்னூர் மலை மேல் நாம் என்ன பார்த்து வளர்ந்தோம்? அவர் பாதம்தானே. அதைத் தொடத்தான் கர்நாடகத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருகிறார்கள். ஆயா என்னைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டு போவாள். பாதத்தில் அரிசியும் பூவும் வைப்பாள். பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டால், "இவருகிட்ட கேக்கக் கூடாதுடா, இவரு எதையும் தரமாட்டாரு, கும்பிட்டுட்டு வா" என்பாள். அப்புறம் இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டுமே என்று வேகவேகமாக இறங்குவோம். அந்த மலைக்காற்று இன்னும் என் முகத்தில் இருக்கிறது.

டர்பனில் பிறந்த என் பிள்ளைகளுக்கும் மங்கல சுலோகம் தெரியும். மகாவீரர், அவருடைய தலைமைச் சீடர் கௌதம கணதரர், அடுத்து குந்தகுந்தர் பெயர். அவ்வளவு உயரத்தில் வைத்தவரை நாம் ஒன்பதடியால் உயர்த்தப் போகிறோமா? தான் எழுதிய சமயசாரம் என்ற நூலில் அவர் தன் பெயரைக்கூட எழுதவில்லை. ஆகமம் முழுதும் அறிந்த சுருதகேவலிகள் சொன்னதைச் சொல்கிறேன் என்றுதான் தொடங்குகிறார். அதே நூலில், ஒரு நகரத்தை வர்ணித்தால் அதன் அரசனை வர்ணித்ததாகாது, உடம்பைப் புகழ்ந்தால் முழு ஞானம் பெற்ற கேவலியின் குணத்தைப் புகழ்ந்ததாகாது என்கிறார். தாத்தா இதைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை முறை சொல்லியிருப்பார், அண்ணனும் கேட்டவர்தான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். சுற்றுச்சுவருக்கு நாம் அனுப்பிய பணத்துக்கு இரண்டு வருடமாக ஒரு ரசீது வரவில்லை. என் அப்பா பொருளாளராக இருந்தபோது கற்பூரம் வாங்கிய 2 ரூபாய்க்கும் சீட்டு இருந்தது. மேலத்தெரு சண்டையை இதில் இழுக்க வேண்டாம், நான் எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் அந்தக் கிணற்றுப் பத்திரத்தில் அப்பா போட்ட கையெழுத்தால்தான் சிலருக்கு இன்று நிலம் நிற்கிறது. அந்த மனுஷன் மகன் கணக்குக் கேட்டால் "பொறாமை" என்று எழுதுவது வலிக்கிறது அண்ணா.

ஓட்டுக்கும் வாத்தியார் பாக்கிக்கும் என் பங்கு 5,000 ரேண்டை இந்த வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். வாத்தியார் பாக்கி அவர் வங்கிக் கணக்குக்கே போகும், ஓட்டுப் பணம் கொத்தனாருக்கு. இரண்டு ரசீதும் இங்கே வரும். ஜோகன்னஸ்பர்க் பங்காளிகள் யாராவது கூடச் சேர்ந்தால் மழை முடிவதற்குள் வேலை ஆகிவிடும்.

சுவர்க் கணக்கை யார் போடுகிறீர்கள்?