எரேமியா வாங்கின காணி

மயிலிட்டி மகள்:
எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், பைபிளில் தானியேலையும் திருவெளிப்பாட்டையும் கூட்டிக் கழித்து உலகம் முடியும் வருஷத்தையே சொல்லுகிறார்கள். இறைவாக்கு என்றால் இதுதான் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் என்றுதான் எனக்குப் பயம். எரேமியா இறைவாக்கினரின் புத்தகத்தில் 32ஆம் அதிகாரத்தை வாசியுங்கோ. எருசலேமைப் பாபிலோன் படை வளைத்து நிற்கிறது, எரேமியா காவலில் கிடக்கிறார், அந்த நேரம் பார்த்து 17 செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து அனத்தோத்தில் காணி வாங்குகிறார். காணி உறுதிப் பத்திரத்தை மண்பானைக்குள் வைக்கச் சொல்லுகிறார், இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்று. அம்மா எங்கள் காணி உறுதியை பால்மா ரின்னுக்குள் பொலித்தீன் சுற்றி வைத்திருந்தா. 1990 ஆனியில் சண்டைக்குள் யாழ்ப்பாணத்து மயிலிட்டியை விட்டு வரும்போதும் அந்த ரின், 1995 இடப்பெயர்வில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்கவே எத்தனையோ நேரம் நின்றபோதும் அந்த ரின். 2017இல் ஆமிக்காரர் பிடித்து வைத்திருந்த துறைமுகப் பக்கத்தை விட்டார்கள், எங்கள் துண்டும் கிடைத்தது.

ஏழாலையான்:
தங்கச்சி, கதை நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் கிடைத்தவர்கள்தான் சாட்சி சொல்லுகிறார்கள். பலாலிப் பக்கம் அப்பாவின் 6 பரப்புக் காணி இன்னும் ஆமி வேலிக்குள். அதே எரேமியாதானே பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன சனத்துக்கு, திரும்ப 70 வருஷம் ஆகும் என்று கடிதம் எழுதினவர்? அதைக் கேட்ட கிழவர்கள் அங்கேயே செத்திருப்பார்கள். அதில் என்ன ஆறுதல்? அப்புறம், அந்தச் சனத்தைத் திரும்பப் போகவிட்ட பாரசீக ராசா சைரசின் பெயர் ஏசாயாவில் முன்கூட்டியே வருகிறது என்பீர்கள். அந்தப் பகுதியே பாபிலோன் அடிமைவாச காலத்தில் எழுதினது என்று பைபிள் அறிஞர்கள் பலரே சொல்லுகிறார்கள்.

பழைய சோறு:
வீடியோக்காரருக்கு ஒன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 ஒக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள், சிலர் பயிரையே அறுக்கவில்லை. அடுத்த நாளும் விடிந்தது. அந்த நாள் ஒருவருக்கும் தெரியாது என்று மத்தேயு 24இல் இயேசுவே சொன்ன பிறகு கல்குலேட்டர் எதற்கு?

மயிலிட்டி மகள்:
ஏழாலை அண்ணை, சைரசுக்காக நான் சண்டைக்கு வரவில்லை. என் நம்பிக்கை அந்தத் திகதியில் தொங்கவில்லை. ஆனால் 70 வருஷக் கதைக்கு முந்தின அதிகாரத்தையும் பாருங்கோ. அனனியா என்று ஒருவர், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கோவிலில் வைத்துச் சொல்லுகிறார். சனத்துக்குப் பிடித்த வாக்கு அது, பொய்யும் அதுதான். நாங்களும் முகாமில் எத்தனை 'அடுத்த மாசம்' கேட்டோம்! எரேமியா மட்டும்தான் வீடு கட்டுங்கோ, தோட்டம் வையுங்கோ, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கோ என்று எழுதுகிறார். சுணங்கும் என்று நேரே சொல்லுகிற ஆளைத்தான் நான் நம்புவேன்.

ஏழாலையான்:
சரி, அந்த எரேமியா தான் வாங்கின காணியில் ஒரு நாளாவது இருந்தாரா? எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதோடு ஆள் சரி.

மயிலிட்டி மகள்:
இருக்கவில்லை. அம்மாவும் இருக்கவில்லை, 2014இல் வாடகை வீட்டில்தான் கண் மூடினா. காணி விட்ட அன்று ரின்னைத் திறந்தது நான். மூடி கறள் பிடித்து இறுகி, சத்தகக் கத்தியால் நெம்பித்தான் எடுத்தேன், உள்ளே ஒரு கறை இல்லை. கிடைத்ததால் நம்புகிறேன் என்று நினைக்காதீங்கோ. சாகும்வரை கிடைக்காத 24 வருஷத்தில் அந்த மனுசி எப்படி நிமிர்ந்து நடந்தா என்பதைத்தான் சொல்லுகிறேன். ஒவ்வொரு பூசைக்கும் போகமுன் அலுமாரிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பா.

ஏழாலையான்:
அப்பாவின் உறுதி என்னிடம்தான் இருக்கிறது. கறையான் பிடிக்கும் என்று வருஷத்துக்கு ஒருக்கால் வெயிலில் காயவைப்பேன். உடனே அதுதான் விசுவாசம் என்று தொடங்கிவிடாதீங்கோ, எனக்குக் கோபம் வரும்.

மயிலிட்டி மகள்:
சொல்லமாட்டேன். ஆனால் வெயிலில் வைக்காதீங்கோ அண்ணை, மை மங்கிவிடும். ஒரு ரின் தேடி எடுங்கோ.