கர்ப்பப்பை இறக்கம்: கட்டாயம் ஆபரேஷன்தானா?

மன்னார்குடி அம்மா:
வயது 63. சத்துணவு மையத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்றும் சுகப்பிரசவம். அண்டா தூக்கியே காலம் போனது. பேரன் பிறந்த வருஷத்திலிருந்து கீழே ஏதோ உருண்டையாகத் தட்டுப்படுகிறது. காலையில் இருக்காது, சாயங்காலம் வந்துவிடும், படுத்தால் உள்ளே போய்விடும். புற்றுநோய் என்று நானே முடிவுகட்டி எத்தனையோ இரவு தூங்கவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனால் எல்லா டெஸ்ட்டும் நார்மல், கர்ப்பப்பை இறக்கம், மூன்றாம் டிகிரி, அதாவது வெளியே வரும் அளவுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். "இந்த வயசுல இது எதுக்கும்மா, எடுத்துப் போட்டுடலாம்" என்றார், ஏதோ பழைய சாமானைச் சொல்வதுபோல.

புற்று இல்லை என்ற பிறகும் மனசு ஆறவில்லை. தும்மினால் புடவை நனைகிறது. கல்யாண வீட்டில் முதலில் பாத்ரூம் எங்கே என்றுதான் கண் தேடும். பஸ் ஏறும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறேன். அதை மருமகள் எழுமுன் துவைத்து, மாடிக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிறேன். ஏன் எங்கும் வரமாட்டேன் என்கிறாய் என்று மகன் கேட்டால் முட்டி வலி என்பேன். பாவம், தைலமும் பெல்ட்டும் வாங்கி வந்துவிட்டான்!

சர்க்கரை வேறு இருக்கிறது. ஆபரேஷன் இல்லாமல் வழி உண்டா? உங்களில் யாராவது இதோடு காலம் தள்ளுகிறீர்களா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
அம்மா, இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, அவசர ஆபரேஷனும் இல்லை. பெஸரி என்று சிலிக்கான் வளையம் இருக்கிறது. அளவு பார்த்து உள்ளே வைத்தால் கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குப் போக வேண்டும். மூத்திரத்தை அடக்குவதுபோல இறுக்கி விடும் கீகல் பயிற்சி, கசிவுக்கு நல்லது. ஆனால் மூன்றாம் டிகிரியை அது மேலே ஏற்றிவிடாது, யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூத்திரத் தொற்று சீக்கிரம் வரும். மலச்சிக்கல், விடாத இருமல் இருந்தால் அதையும் சரிபண்ணுங்கள், முக்க முக்க இறக்கம் கூடும். ஆபரேஷன் என்றாலும் பெரும்பாலும் கீழ்வழியாகவே எடுப்பார்கள், வயிற்றில் தையல் இருக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் செய்வார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் நார்மல் என்று எழுதியிருந்தாலும் சரி.

திண்டுக்கல் அக்கா:
நான் வளையம்தான் வைத்திருக்கிறேன். முதலில் வைத்தது நழுவிவிட்டது, அடுத்த அளவு மாற்றினார்கள், அப்புறம் நின்றது. இப்போது பழனிக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். எல்லா ஆஸ்பத்திரியிலும் வைப்பதில்லை, "வளையம் வைப்பீர்களா" என்று கேட்டுவிட்டுச் சீட்டு போடுங்கள்.

ஒரு மருமகள்:
கோவிக்காதீர்கள் அத்தை, உங்கள் மருமகளுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். கொடியில் துணி காயும்போது எங்கள் கண்ணில் படாமலா போகும்? என் மாமியாரும் இப்படித்தான் மறைத்தார். நான் கேட்டால் சங்கடப்படுவாரோ என்று நானும் சும்மா இருந்தேன். ஒருநாள் மெடிக்கலில் பெரியவர்கள் பேட் வாங்கி அவர் பீரோவில் வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. தீர்ந்ததும் காலிக் கவரை என்னிடம் நீட்டினார், அவ்வளவுதான். மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருமகளிடம் சொல்லுங்கள், அவள் சொல்லிக்கொள்வாள்.

மன்னார்குடி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மருமகளிடம் சொன்னேன். தெரியுமாம்! வியாழக்கிழமை அவளே கூட வருகிறாள். ஒரு சந்தேகம்: குளிக்கும்போது வளையத்தைக் கழற்ற வேண்டுமா?

திண்டுக்கல் அக்கா:
வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கும். வைத்த அன்று ஆஸ்பத்திரியிலேயே கொஞ்சம் நடந்து, உட்கார்ந்து எழுந்து, ஒருமுறை பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நழுவினால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.